காஞ்சியிலிருந்து செங்கல்பட்டுக்கு ஓடிப் போனால்...

காஞ்சிபுரத்தில் ரயில் ஏறினால் நத்தப்பேட்டை, வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் என்று ஊர்கள் வரிசையாக வந்து கடைசியில் செங்கல்பட்டு வரும். சாலை வழியாகப் போனாலும் ஏறக்குறைய இதே ஊர்கள்தான். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். செங்கல்பட்டில் நிற்காமல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய்க் கொளவாய் ஏரிப் பக்கம் சேர்ந்துவிட்டால் கணக்கு 42-க்கு வந்துவிடும். ஒரு மாரத்தான் அவ்வளவு நீளம். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற அந்தத் தூரத்தை நிற்காமல் ஓடியே கடப்பதுதான் போட்டி.

துல்லியமாகச் சொன்னால் 42.195 கிலோமீட்டர். 1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது சுமார் 40 கிலோமீட்டர்தான் ஓடினார்கள். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டத்தை விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரில் முடித்தார்கள். அந்தத் தூரத்தையே 1921-இல் நிலையான அளவாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் அரண்மனை இருந்த இடத்துக்காக உலகம் முழுக்க இன்றும் கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார்கள்!

கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் இதை 2 மணி 35 விநாடியில் ஓடினார். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான் உங்களிடம் பேசப்போவது அவரைப் போன்ற வீரர்களைப் பற்றி இல்லை. பெரிய மாரத்தான் எதிலும் ஓடுபவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர், இல்லத்தரசி என்று நம் தெருவில் பார்க்கிற மனிதர்கள்தான். காலையில் ஓடிவிட்டு ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான்கு மணி, ஐந்து மணி, ஆறு மணி நேரம்கூட எடுத்துக்கொண்டு ஓடி முடிப்பார்கள். அவர்கள் உடம்புக்குள் நடப்பதுதான் எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

நம் கதைக்கு ஓர் அக்கா வேண்டும். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டுப் பெண், பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 28, எடை 60 கிலோ (கணக்குப் போட வசதியான எடை). பள்ளியை விட்ட பிறகு ஓடியதே இல்லை. அவருக்கு மாரத்தான் ஓட ஆசை. ஓடுகிற பாதை நாம் சொன்ன காஞ்சி – செங்கல்பட்டு சாலை. நிஜத்தில் அது லாரியும் பேருந்தும் விரைகிற சாலை, அங்கே யாரும் ஓட வேண்டாம். மனத்துக்குள் சாலையைக் காலி செய்துவிடுவோம்.

முதலில் பாட்டி தடுப்பார். “முட்டி தேஞ்சுடும்டி. வயசானா நடக்க முடியாது” என்பார். பாட்டியின் கவலை நியாயமானதுதான். ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசை காலில் இறங்குகிறது. முழு மாரத்தானுக்கு ஏறக்குறைய 50,000 அடி வைக்க வேண்டும். ஆனால் மூட்டு உயிருள்ளது. அளவாக அழுத்தம் பட்டால் குருத்தெலும்புக்குள் திரவம் போய் வந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 100-க்கு 3 அல்லது 4 பேர். ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் 10 பேர். ஆனால் போட்டிக்கென்றே கடுமையாக ஓடியவர்களில் 13 பேர். ஓடாதவர்களில் சிலர் மூட்டு வலித்ததால் ஓட்டத்தை விட்டவர்களாகவும் இருக்கலாம், அதனால் இந்த எண்களை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ஓடினாலே மூட்டு தேயும் என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை.

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?” என்ற கேள்வியும் வரும். இந்தக் கேள்வியை உலகமே ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984-இல்தான். பெண்ணின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்றார்கள். அறிவியல் அப்படி எங்கும் சொல்லவில்லை.

பாட்டி சொன்ன முட்டிக்கே திரும்புவோம். சென்னையின் மேயராகவும் பிறகு தமிழ்நாட்டின் மருத்துவத் துறை அமைச்சராகவும் இருந்த மா. சுப்பிரமணியனைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2004-இல் சாலை விபத்தில் முழங்காலில் பலத்த அடி. ஐம்பது வயதைக் கடந்த பிறகு ஓட ஆரம்பித்தவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை, அதாவது ஒவ்வொரு முறையும் 21 கிலோமீட்டரை, ஓடி முடித்திருக்கிறார். அடிபட்டவர்கள் எல்லாரும் உடனே ஓடலாம் என்று பொருள் இல்லை, மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நம் அக்காவும் மருத்துவரிடம் இதயத்தையும் ரத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டு தொடங்குகிறார்.

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வளவுதான். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதற்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி, வார்த்தை வார்த்தையாகத்தான் வருகிறது என்றால் வேகம் அதிகம். மாரத்தானுக்குப் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலான நாட்கள் இந்தப் பேசுகிற வேகத்தில்தான் ஓடுகிறார்கள். மெதுவாக ஓடினால் நீண்ட தூரத்துக்கான உடம்பு எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். உள்ளே நடப்பதைப் பாருங்கள்.

முதலில் மாறுவது இதயமும் ரத்தமும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் அம்மா, அப்பா போன்ற பெரியவர் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் அனுப்பும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். சில மாதம் ஓடிய பிறகு ரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு முறையும் இன்னும் நன்றாக நிரம்புகிறது. ஒரு துடிப்பில் 90 மில்லிலிட்டர் போனால், அதே 5 லிட்டருக்கு 56 துடிப்பு போதும். காலையில் எழுந்ததும் அக்கா தன் நாடியை எண்ணிப் பார்த்தால், மாதத்துக்கு மாதம் எண் குறைந்துகொண்டே வரும்.

அடுத்தது தசை. தசை இழைகளைச் சுற்றித் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. தசைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. உணவிலிருந்து வந்த பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலாக மாற்றுகிற இடம் அது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உடற்பயிற்சியால் அது பெருகும் என்பது ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. 1967-இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை ஓடு இயந்திரத்தில் வாரக்கணக்கில் ஓடவிட்டு, பிறகு அவற்றின் கால் தசையைச் சோதித்தார். ஓடிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது! பேசுகிற வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவது இந்த மாற்றத்தைத்தான் தூண்டுகிறது.

எலும்பும் தசைநாணும் தசையைப் போல அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் மூன்றாவது மாதத்தில் ஓர் ஆபத்தான நேரம் வரும். இதயமும் தசையும் “இன்னும் ஓடலாம்” என்று சொல்லும். குதிகால் தசைநாணும் கணைக்கால் எலும்பும் இன்னும் தயாராகி இருக்காது. ஆர்வமாகத் தொடங்கியவர்கள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்துவிடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் எதுவும் ஓடும்போது நடப்பதில்லை. ஓட்டம் தசையில் சின்னச் சின்னச் சேதம் உண்டாக்குகிறது. அதைச் சரிசெய்து முன்னைவிட உறுதியாக்கும் வேலை பிறகு, சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் நடக்கிறது. அக்கா ஓடாத நாளும் பயிற்சி நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுப் பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயில் வரை போய்த் திரும்பினால் எட்டு ஒன்பது கிலோமீட்டர் ஆகும். நான்கு ராஜ வீதிகளையும் சுற்றினால் இன்னும் கூடும். நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டு இழைகளில் கை கால் பட்டுவிடாமல் ஓரமாக நடந்து கடந்து, பிறகு ஓட வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா 30 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கிறார். முழு 42 கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடுவதில்லை. ஓடினால் உடம்பு தேறி எழ நாளாகும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

போட்டிக்கு முந்தின நாட்களில் சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அதற்குப் பின்னால் ஓர் அழகான சோதனை இருக்கிறது.

நாம் சாப்பிடுகிற சோறும் இட்லியும் குளுக்கோஸாகி, மிச்சம் கிளைக்கோஜன் என்ற பொருளாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்கிறது. 1966-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன் என்ற இரு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கு ஒரு கால் மட்டும் போட்டுக் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள்! மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு. தொடைத் தசையில் ஊசி போட்டுத் துளியளவு சதை எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன் சும்மா இருந்த காலில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். உழைத்த தசை மட்டும் தன் பங்கை அதிகமாகச் சேமித்துக்கொண்டது. இதைவிட எளிமையாக ஒரு சோதனையை யோசிப்பது கடினம். இரண்டு கால் இருக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மனிதர் எதற்கு?

அதனால் கடைசி இரண்டு மூன்று நாள் அக்கா சோறும் இட்லியும் இடியாப்பமும் சற்றுக் கூடுதலாகச் சாப்பிடுகிறார். காஞ்சிபுரம் இட்லி சாப்பிடலாமா? வரதராஜர் கோயிலில் பிரசாதமாகத் தருகிற குடலை இட்லியைச் சொல்கிறேன். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி நெடுநேரம் வேகவைப்பது. அவ்வளவு ருசியானதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கும். முந்தின நாள் மதியம் சாப்பிடட்டும். ஓடுகிற காலையில் எழுந்து, நெய்யோ மிளகோ இல்லாத சாதாரண இட்லி இரண்டு மூன்று போதும்.

ஓட்டத்தை விடியற்காலை நான்கு மணிக்கு வைப்போம். சென்னை மாரத்தானும் ஜனவரியில் பொழுது விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. குளிரைத் தேடி இவ்வளவு சீக்கிரம் எழ வேண்டிய காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம், தாளும் பென்சிலும் எடுங்கள்.

உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ, 42 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 2,500 கிலோகலோரி. இதில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவுதான் உடம்பை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகிவிடும், சுமார் 1,900 கிலோகலோரி. அறையின் வெப்பத்தில் உள்ள 26 லிட்டர் தண்ணீரை அந்த வெப்பத்தால் கொதிக்க வைத்துவிடலாம்! வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், அக்காவின் உடல் வெப்பநிலை எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் ஏறும். வாலாஜாபாத் போவதற்குள், ஏன், நத்தப்பேட்டையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது அரை கிலோகலோரிக்குச் சற்று மேலாக வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 1,900-ஐ வெளியேற்ற வேண்டுமென்றால் மூன்று லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொட்டி விழுகிற வியர்வையால் பயனில்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். கடற்கரையில் ஓடுபவர்களுக்கு அதனால்தான் அவ்வளவு சிரமம்.

2019-இல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். நள்ளிரவிலும் 30 டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றில் ஈரப்பதமோ மிக அதிகம். உலகின் சிறந்த வீராங்கனைகள் 68 பேர் கிளம்பினார்கள், 40 பேர்தான் முடித்தார்கள். அவர்களிடம் மன உறுதி குறைவாகவா இருந்திருக்கும்? வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாதபோது மன உறுதியை நம்பி ஓடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். பாதியில் நின்ற 28 பேரையும் நான் மதிக்கிறேன்.

அப்படியானால் நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமே? அதிலும் அளவு உண்டு. 2002-இல் பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 100-க்கு 13 பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. பெரும்பாலும் தேவைக்கு அதிகமாகக் குடித்து, ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்கள் அவர்கள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. தாகம் எடுக்கும்போது குடிப்பதுதான் நல்ல வழி. வியர்வையோடு உப்பும் போவதால், உப்புப் போட்ட நீர்மோர் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய பானம். ஆனால் எதையும் போட்டியன்று முதன்முறையாகக் குடிக்கக் கூடாது. பயிற்சி நாளிலேயே வயிற்றுக்குப் பழக்கிவிட வேண்டும். புதுக் காலணிக்கும் இதே விதிதான்.

வாலாஜாபாத்தைத் தாண்டியாயிற்று. கிழக்கு வெளுக்கிறது. அக்கா ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று ஒரே சீராக ஓடுகிறார். வலப்பக்கம் பாலாறு, இடப்பக்கம் சின்ன மலை. பழையசீவரம் வந்துவிட்டது. ஏறக்குறைய பாதித் தூரம்.

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன், அக்கா ஓடட்டும். ஆண்டுதோறும் பொங்கலையொட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டை என்ற வேட்டை உற்சவத்துக்கு இங்கே எழுந்தருள்கிறார். அத்தனை தூரமும் பெருமாளைத் தோளில் சுமந்து வருபவர்கள் ஸ்ரீபாதம் தாங்கிகள். வெறுங்காலோடு, தோள் மாற்றித் தோள் மாற்றி, எல்லாரும் ஒரே அடியாக நடக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இது எந்த விளையாட்டுப் பட்டியலிலும் இல்லை. நீண்டதூர உழைப்பு என்று யார் பேசினாலும் எனக்கு இவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். ஆற்றின் அக்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயில். அங்கே 11-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையையும், அதில் மருத்துவர், அறுவை செய்பவர், செவிலியர் ஆகியோருக்கு என்ன சம்பளம் என்பதையும், இருப்பில் வைத்திருந்த மருந்துகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. காஞ்சிபுரம் பக்கம் போனால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லி இந்தக் கல்வெட்டை அவசியம் பாருங்கள்.

பெருமாளைச் சுமப்பவர்கள் நடக்கிறார்கள், நம் அக்கா ஓடுகிறார். நடப்பதும் ஓடுவதும் வேகத்தில் மட்டும் வேறுபடுவதில்லை. நடக்கும்போது எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இடையே இரண்டு காலும் காற்றில் இருக்கும். தரையில் இறங்கும்போது குதிகால் தசைநாண் நீள்கிறது, மேலெழும்போது சுருங்கி ஆற்றலைத் திருப்பித் தருகிறது. ஓர் அடிக்குத் தேவையான ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இப்படித் திரும்பப் பெறுகிறோம். காலணி இல்லாவிட்டாலும் இந்தத் தசைநாண் வேலை செய்யும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி மாரத்தானில் தங்கம் வென்றார். நம் நாட்டின் சிவ்நாத் சிங்கும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் என்ற நேரத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை.

பாலூர் தாண்டி 30 கிலோமீட்டர் ஆகும்போது வேறொரு ஓட்டம் தொடங்குகிறது. அதுவரை சிரித்துப் பேசி வந்தவர்களின் முகம் திடீரென்று மாறும். கால் கல்லாகக் கனக்கும். தலை சுற்றும். மனம் சோர்ந்து அழுகைகூட வரும். இந்தத் தூரத்தில் ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன் மொத்தம் 500 கிராம் அளவுதான். கிராமுக்கு 4 கிலோகலோரி, ஆக 2,000. தேவையோ 2,500. ஓடாத கைத் தசையில் உள்ளதைக் காலுக்கு மாற்றவும் முடியாது. ஆகவே 30, 35 கிலோமீட்டரில் கையிருப்பு தீர்ந்துபோகிறது. மூளைக்குப் போகிற சர்க்கரையும் குறைவதால்தான் மனமும் சோர்கிறது.

உடம்பில் கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். நிறையவே இருக்கிறது. 10 கிலோ கொழுப்பில் 90,000 கிலோகலோரி, முப்பது மாரத்தானுக்கு மேல் ஓடலாம். ஆனால் கிளைக்கோஜன் காய்ந்த தென்னை ஓலையைப் போல உடனே பற்றி எரியும், கொழுப்போ புளியங்கட்டையைப் போல மெதுவாகத்தான் பிடிக்கும், ஆக்சிஜனும் அதிகம் கேட்கும். வேகமாக ஓடினால் உடம்பு ஓலையையே எடுத்து எரிக்கும். மெதுவாக ஓடினால் கட்டையும் சேர்ந்து எரியும். மாதக்கணக்கில் பேசுகிற வேகத்தில் ஓடியதால் அக்காவின் தசையில் பெருகிய மைட்டோகாண்ட்ரியா இப்போது கைகொடுக்கிறது, அவருடைய தசை முன்பைவிட அதிகமாகக் கொழுப்பை எரிக்கிறது. தொடக்கத்திலிருந்தே மணிக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு வந்ததும் பலன் தருகிறது. ஆரம்பத்தில் இவரை முந்திக்கொண்டு பாய்ந்தவர்கள் சிலர் இப்போது சாலையோரம் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பலவீனமானவர்கள் இல்லை. முதல் 10 கிலோமீட்டரில் ஓலையை எரித்துவிட்டார்கள்.

சூரியன் நேர் எதிரே ஏறுகிறது. கொளவாய் ஏரி. 4 மணி 55 நிமிடம். இதற்குள் அக்காவின் இதயம் சுமார் 44,000 முறை துடித்திருக்கும். ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிடக் கூடாது, சிறிது நேரம் நடக்க வேண்டும். இவ்வளவு நேரம் கால் தசைகள் அழுத்தி அழுத்தி ரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரலாம். மறுநாள் மாடிப்படியில் இறங்குவது ஏறுவதைவிட வலிக்கும், ஏனென்றால் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, சேதமானதும் அந்த இழைகள்தான். இரண்டு மூன்று வாரம் ஆகும் முழுதாகத் தேற.

“நாங்களும் ஓடலாமா?” என்று கேட்பீர்கள். ஓடுங்கள், நிறைய ஓடுங்கள். ஆனால் மாரத்தான் வேண்டாம். லண்டன், பாஸ்டன் மாரத்தான்களில் 18 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை. உங்கள் எலும்புகளின் முனையில் வளர்ச்சிக்கான குருத்தெலும்பு இன்னும் எலும்பாக மாறாமல் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அழுத்தம் பட்டால் அது கெடும். ஒரே தூரத்தை ஓட உங்கள் உடம்பு, எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிட அதிக ஆற்றலைச் செலவழிக்கிறது. 2006-இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவன் புரியிலிருந்து புவனேஸ்வரம் வரை 65 கிலோமீட்டர் ஓடினான். நாடே கைதட்டியது. மே மாத வெயில். மருத்துவர்கள் அவன் உடல்நிலையைக் கண்டு கவலைப்பட்டார்கள், அரசு அவனுடைய நீண்டதூர ஓட்டங்களைத் தடுத்தது. தடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஓடிய அந்தக் குழந்தை மேல் குற்றம் எதுவும் இல்லை. கைதட்டிய பெரியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். ஓடிப்பிடித்தலும் கபடியும் கோகோவும் உங்கள் வயதுக்கு நல்ல பயிற்சி. ஓடுவீர்கள், நிற்பீர்கள், திரும்புவீர்கள், களைத்தால் உட்காருவீர்கள்.

உங்கள் இதயம் பழகுவதை நீங்களே அளந்து பார்க்க வழி இருக்கிறது. காலையில் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்குமுன், மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வாரத்தில் மூன்று நாள் பள்ளி மைதானத்தில் பேசுகிற வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடுங்கள். நின்றதும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிப் பத்தியில் குறியுங்கள், அது கூடக் கூட இதயம் சீக்கிரம் அமைதியடையப் பழகுகிறது என்று பொருள். இரண்டு மாதம் முடிந்ததும் வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு நேராக வராது, ஏறி இறங்கித்தான் வரும். சரியாகத் தூங்காத நாளிலும் காய்ச்சல் வரப்போகும் நாளிலும் காலை எண் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும். அன்றைக்கு ஓட வேண்டாம்.